கூடம் கோணல்

ஏப்ரல் 7, திங்கள்

முப்பது மெஷின். நான்கில் ஏறியது. இருபத்தாறில் ஏறவில்லை. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை பார்த்த வேலை இவ்வளவுதான்.

வேடசந்தூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே ஒரு பொறியியல் கல்லூரி. அதில் எலக்ட்ரானிக்ஸ் லேப். நான் படித்த லேப்தான். இப்போது வேலை பார்க்கும் சர்வீஸ் கம்பெனியில் இதைச் சொல்லவில்லை. முதலாளி கோதண்டபாணி ஜாப் ஷீட்டை நீட்டியபோது கல்லூரியின் பெயரைப் பார்த்தேன். வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்து, வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சர்க்யூட்டைத் திரையில் வரைந்தால் அது எப்படி வேலை செய்யும் என்று ஓட்டிக் காட்டும் மென்பொருள். ஒன்பதாம் வெர்ஷன். கடைசி வருடப் பிள்ளைகளுக்குப் பதினைந்தாம் தேதி இதில்தான் பிராக்டிகல் பரீட்சை. இன்ஸ்டால் கொடுத்தால் எழுபது சதம் வரை ஓடி, ‘இந்தக் கணினியின் பிராசசர் பொருந்தவில்லை’ என்று நின்றுவிடுகிறது. டிஸ்கில் இடம் இருக்கிறது. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பார்த்தேன். மதியம் சாப்பிடவில்லை.

நான்கு மணிக்கு எச்.ஓ.டி. ஞானசிகாமணி வந்தார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது.

“சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருமா தம்பி?”

தம்பி. அடையாளம் தெரியவில்லை. நான் இவரை ஒருநாள்கூட மறக்கவில்லை, இவருக்கு நான் யாரோ ஒரு தம்பி.

ஏப்ரல் 8, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

எந்த மெஷினைக் கேட்டாலும் போன வருடத்து பிராசசர் பெயரைச் சொல்கிறது. பிறகு ஏன் பொருந்தவில்லை? மெஷினின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயாஸுக்குள் போகலாம் என்றால் பாஸ்வேர்டு. காலேஜ் லேப் மெஷினுக்கு பயாஸில் பாஸ்வேர்டு போடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். பதினெட்டாம் நம்பர் கேபினெட்டைக் கழற்றினேன். வெளியே புத்தம் புதுப் பெட்டி, ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. உள்ளே பத்து வருடத்து மதர்போர்டு. விசிறியில் கம்பளிபோல் தூசி. ஸ்டார்ட் ஆகும்போதே பிராசசர் பெயரை மாற்றி எழுதுகிற நாலு வரி புரோகிராம் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் அந்தப் பெயரைப் படிப்பார்கள். இந்த மென்பொருள் பெயரைப் படிப்பதில்லை, சிப்பையே நேராகக் கேட்கிறது. அதனால்தான் மாட்டிக்கொண்டார்கள்.

முன்வரிசை நான்கு மட்டும் அசல். ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்வரிசையோடு திரும்பிவிடுவார்கள் என்கிற நம்பிக்கை.

லேப் டெக்னீஷியன் ரெஜினா அக்கா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்தபோதும் இவர்தான். வந்த அன்றே என்னை அடையாளம் கண்டுகொண்டார், வெளியே சொல்லவில்லை.

“பாத்துட்டியா?” என்றார்.

“யார் வேலைக்கா இது?”

“கரஸ்பாண்டன்ட் வேலை. வேற யாரு? பழச உள்ள வச்சு மூடிக் கொண்டாந்து எறக்குனாங்க. ஞானசிகாமணி சாரு அன்னிக்குச் சத்தம் போட்டாரு. அப்புறம் போடல.”

சத்தம் போட்டாராம். நல்லது.

இதையும் எழுதிவிடுகிறேன். என் பையில் ஏழாம் வெர்ஷன் இருக்கிறது. பழைய பிராசசரிலும் ஓடும். பதினெட்டாம் மெஷினில் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடத்தில் ஏறியது. ஒரு சர்க்யூட் வரைந்தேன், ஓடியது. பிறகு அழித்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன், இதே லேபில், இதே பிராக்டிகல். என் மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. பரீட்சை வைக்க வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னலிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். ஞானசிகாமணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவன் எப்பவும் இப்படித்தான் சார்” என்றார். எக்ஸ்டர்னல் சிரித்தார். பேனாவை மூடினார். வகுப்பே சிரித்தது. பெயில். அரியர் இருந்தால் வேலை கிடையாது என்று, கேம்பஸில் எடுத்திருந்த பெங்களூர் கம்பெனி ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆறு மாதம் கழித்து அதே பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கூடம் கோணல்தான் சார். இருபத்தாறு மடங்கு கோணல்.

ஏப்ரல் 9, புதன்

“ஹார்ட்வேர் பொருந்தலை சார். நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல.” காலையில் ஒருதரம், மதியம் ஒருதரம், மாலையில் ஒருதரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் ஞானசிகாமணியின் முகம் கொஞ்சம் சுருங்கியது. மூன்றாவது தரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு பெண் காலையிலிருந்து லேப் வாசலில் நிற்கிறாள். கடைசி வருடம். பெயர் அங்கயற்கண்ணி. எரியோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.

“போட்டாச்சாண்ணா?”

“மெஷின் தாங்காதும்மா.”

“மொன்னாடி இருக்குற நாலும் ஓடுதே.”

“அதுல உக்காந்து பழகு.”

“அதுல பசங்க எந்திரிக்க மாட்டேங்கறாங்கண்ணா.”

அதற்கு நான் என்ன செய்வது? ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன்.

டீ குடிக்கும்போது ரெஜினா அக்கா தானாகவே சொன்னார். “சாரோட ஒரிஜினல் சர்டிபிகேட் பூரா ஆபீஸ் பீரோவுலதான் இருக்கு. வேலைக்குச் சேரும்போதே வாங்கி வச்சுக்குவாங்க. என்னோடதும் அங்கனதான். இந்தப் பரீட்சை நடக்கலேன்னா சென்டரு போயிரும். அவரைத் தொலைச்சுக் கட்டிருவாங்க. வேற காலேஜுக்குப் போகணும்னாலும் கையில காயிதம் வேணும்ல.”

“எனக்கெதுக்குக்கா இதெல்லாம்?”

“சும்மா சொன்னேன்.”

சும்மா யாரும் சொல்வதில்லை. பீரோவில் இருக்கட்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். பைக் செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஞானசிகாமணி வந்தார். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நேசன்தானே நீ? சிவநேசன்.”

ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

“ஆமா சார். ரோல் நம்பர் நாப்பத்தொண்ணு.”

“அதான. எங்கயோ பாத்த மூஞ்சின்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

“நீங்க பெயிலாக்குன மூஞ்சி சார்.”

கீபோர்டைத் தள்ளி வைத்தார். “உண்மையச் சொல்லு. இது ஏறுமா, ஏறாதா?”

“ஒன்பது ஏறாது. ஏழு ஏறும். எங்கிட்ட இருக்கு.”

“எப்பருந்து?”

பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். அவருக்கே தெரிந்துவிட்டது.

“என்ன வேணும் உனக்கு?”

“அன்னிக்குக் கோளாறு மெஷின்ல, பையன்கிட்ட இல்லேன்னு சொல்லணும். கிளாஸ்ல நின்னு சொல்லணும்.”

“அந்த வார்த்தைய எங்கிட்டத் தனியா வாங்கிக்க. எழுதிக்கூடத் தாரேன்.”

“நீங்க என்னையத் தனியாவா சொன்னீங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். “நாளைக்குப் பதினோரு மணிக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ் இருக்கு” என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். “சர்வீஸ் ரிப்போர்ட்டுல முப்பதும் ஓகேன்னு எழுதணும். ஆபீஸ்ல கேக்குறாங்க.”

எழுதுகிறேன் என்றேன். அது ஒரு காகிதம். எனக்கு வேண்டியது வேறு.

ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்களாம். அதற்காகத்தான் சனிக்கிழமை என்றாரோ என்னவோ.

கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். நான் கதவோரம். “இவர் நம்ம ஸ்டூடண்ட். ரெண்டு வருசத்துக்கு முன்னால பிராக்டிகல்ல இவர் மெஷின் ரிப்பேர். இவர் மேல தப்பில்ல” என்றார். சட்டைப் பொத்தானுக்குச் சொல்வதுபோல் இருந்தது.

“பின்னாடி கேக்கல சார்” என்றேன்.

இதை நான் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை கடைசி பெஞ்சுவரை கேட்டது. அதோடு நிறுத்தவும் இல்லை. “எனக்கு அன்னிக்கே தெரியும். எக்ஸ்டர்னல் எழுதிட்டா சென்டர் போயிரும்னு பயம். ஒரு பையனத் தள்ளிவிட்டா லேப் தப்பிக்கும்னு நெனச்சேன். தள்ளிவிட்டேன்.” இவ்வளவு நான் கேட்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக இந்த நிமிடத்தைப் பலவிதமாக நினைத்து வைத்திருந்தேன். எந்த விதத்திலும் அது இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.

அங்கயற்கண்ணி கையைத் தூக்கினாள். “அப்ப இன்னிக்காவது போட்ருவீங்களாண்ணா?”

போட்டேன். இருபத்தாறிலும் ஏழு. முன்வரிசையில் ஏற்கனவே ஒன்பது. மாலை ஆறு மணி ஆனது. பல்கலைக்கழகம் அனுப்பியிருந்த பன்னிரண்டு கேள்விகளையும் ரெஜினா அக்காவின் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சரிபார்த்தேன். பதினொன்று ஏழாம் வெர்ஷனில் ஓடும். பன்னிரண்டாவது ஓடாது, அதற்கு வேண்டிய ஒரு பாகம் ஒன்பதில்தான் இருக்கிறது. ஞானசிகாமணியிடம் சொல்லியிருக்கலாம். அவர் கிளம்பிப் போயிருந்தார், போன் நம்பர் இருந்தது. பிள்ளைகள் சீட்டு எடுத்துத்தான் கேள்வி வாங்குவார்கள். பன்னிரண்டில் ஒன்று. விழுந்தால் முன்வரிசைக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

‘முப்பது கணினிகள், ஒன்பதாம் வெர்ஷன், நன்றாக இயங்குகின்றன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. அம்மா மாங்காய்ப் பச்சடி வைத்திருந்தாள். “வாயத் தொறந்து பேசுனாத்தான் என்னடா? நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க.” வேலை முடிந்தது என்று சொன்னேன். “அப்புறமென்ன?” என்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏதாவது நின்றுவிட்டால் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். யு.பி.எஸ். பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

எக்ஸ்டர்னல் ஒரு அம்மா. மரகதவல்லி என்று பெயர். கதவைத் திறந்து உள்ளே வரும்போதே மின்விசிறியிலிருந்து செருப்பு ஸ்டாண்டு வரை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். சீட்டுகளைத் தானே மடித்து டப்பாவில் போட்டுக் குலுக்கினார்.

அங்கயற்கண்ணிக்குப் பன்னிரண்டு விழுந்தது. உட்கார்ந்தது இருபத்திரண்டாம் மெஷின்.

அரைமணி நேரம் தேடினாள். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து மூடினாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. முன்வரிசை நான்கிலும் ஆள் இருந்தது. நான் எழுந்து போய் ஞானசிகாமணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும். எழுந்திருக்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், இது என் நோட்டு, இதில் பொய் எழுத வேண்டியதில்லை. அவர் என்ன செய்வார் என்று பார்க்க வேண்டியிருந்தது. பதினொரு பிள்ளைகள் முன்னால் சொன்னதெல்லாம் வேறு. இப்போது எக்ஸ்டர்னல் நிற்கிறார். நிச்சயம் அதே பழமொழியைச் சொல்வார். சொன்ன அடுத்த நொடி எழுந்து இருபத்தாறு பெட்டியையும் திறந்து காட்டுவேன். ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். “மேடம், இந்தப் பார்ட் இதுல இல்ல மேடம்.”

மரகதவல்லி அம்மா திரையைப் பார்த்தார். பிறகு ஞானசிகாமணியைப் பார்த்தார். “என்ன சார், பொண்ணு படிக்கலையா, இல்ல மெஷினா?”

அவர் ஒருதரம் என் பக்கம் திரும்பினார். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது.

“மெஷின்தாம்மா” என்றார். “பொண்ணு மேல தப்பில்ல. நல்லாப் படிக்கிற பொண்ணு. இதுல பழைய வெர்ஷன் போட்ருக்கு. புதுசு ஏறாது, உள்ள இருக்குறது பூரா பழைய சாமான். முன்னாடி நாலு மட்டுந்தான் ஒழுங்கு.”

சத்தமாகச் சொன்னார். யாரும் ‘கேக்கல’ என்று சொல்லாமலே கடைசி வரைக்கும் கேட்டது.

அந்த அம்மா மேஜைக்குப் போய் ஃபைலைப் புரட்டினார். “முப்பதுலயும் ஒன்பதாம் வெர்ஷன் நல்லா ஓடுதுன்னு சர்வீஸ் ஆளு கையெழுத்துப் போட்ருக்காரே. யாருங்க இந்த சிவநேசன்?”

ஸ்டூலிலிருந்து எழுந்தேன். ஸ்க்ரூடிரைவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“நீங்கதானா தம்பி? இதப் பாக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?”

முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். போன தடவை சிரித்தார்கள், இந்தத் தடவை அதுவும் இல்லை.

முன்வரிசையில் ஒருவன் முடித்து எழுந்ததும் அங்கயற்கண்ணியை அங்கே உட்கார வைத்து நேரமும் கூட்டிக் கொடுத்தார்கள். முடித்துவிட்டாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆள் இல்லாத லேபில் பேரம் பேசி, நான் மிரட்டி வாங்கின வாக்கியம். அவளுக்கு மட்டும் கேட்காமல் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல இந்த மனிதனுக்கு என்ன கேடு?

ஏப்ரல் 16, புதன்

சென்டர் போய்விட்டது. அடுத்த பேட்ச்சுக்குத் திண்டுக்கல்லில் வேறு கல்லூரி. ஞானசிகாமணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சர்டிபிகேட்டைத் தரவில்லை, ரெஜினா அக்கா போனில் சொன்னார். “ஒனக்குக் குளுகுளுன்னு இருக்கணுமே தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோதண்டபாணி வரச் சொல்லி நிற்க வைத்துக் கேட்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

ஏப்ரல் 18, வெள்ளி

கல்லூரி ஆபீஸ் மேனேஜர் தனுஷ்கோடி போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தேன்.

“திங்கக்கெழம யுனிவர்சிட்டி என்கொயரி. உங்களையும் கூப்புடுவாங்க தம்பி. நீங்க வந்தப்ப மெஷின் பூரா புதுசாத்தான இருந்துச்சு? எழுதியும் குடுத்துருக்கீங்க. அதையே சொல்லுங்க, போதும்.”

“அப்புறம் பழைய சாமான் எப்படி வந்துச்சு?”

“அதான், அந்தாளு ஆள் வச்சு மாத்திப்புட்டாரு. புதுச எடுத்து வெளிய வித்துருப்பாரு. உங்களையும் ஒருகாலத்துல படாத பாடு படுத்துனவராம்ல? கேள்விப்பட்டேன். கோதண்டபாணிகிட்டயும் பேசிட்டேன், உங்க வேலைக்கு ஒண்ணும் வராது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கேட்காமலே கையில் வந்து விழுந்திருக்கிறது. ஒரே ஒரு வரி. ஏற்கனவே எழுதிக் கையெழுத்துப் போட்ட வரி. அவர் திருடன் ஆகிவிடுவார், எந்தக் கல்லூரியும் வாசலில் விடாது. நான் பொய்கூடப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பரோட்டா கடையில் மூன்று பரோட்டா சாப்பிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிடிக்கவில்லை. இரக்கம் இல்லை, அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். அவர் எனக்குச் செய்ததற்கு விழ வேண்டும். செய்யாத ஒன்றுக்கு, தனுஷ்கோடி தள்ளி, அவர் விழுந்தால் அதில் என் பழி எங்கே இருக்கிறது? ஒருவனைத் தள்ளிவிட்டு லேபைக் காப்பாற்றுவது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும்.

சட்டை இஸ்திரி போட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கல்லூரி ஆபீஸில் யுனிவர்சிட்டியிலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தனுஷ்கோடி சுவரோரம் நின்று எனக்குத் தலையாட்டினார். ஞானசிகாமணி கடைசி நாற்காலியில், மடியில் ஒரு துணிப்பையோடு.

“மெஷின் பழசுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“எட்டாம் தேதி சார். பதினெட்டாம் நம்பரக் கழட்டிப் பாத்தேன். தூசியப் பாத்தாலே தெரியும், அது நேத்து மாத்துனது இல்ல. வாங்கும்போதே அப்படித்தான் வந்துருக்கு.”

தனுஷ்கோடி இருமினார்.

“அப்ப பழைய வெர்ஷன ஏன் சனிக்கெழமைதான் போட்டீங்க? அது உங்ககிட்ட எப்ப வந்துச்சு?”

“எட்டாம் தேதியே இருந்துச்சு சார்.”

“இருந்தும் போடல?”

“போடல.”

“ரிப்போர்ட்டு?”

“பொய் சார்.”

ஏன் என்று கேட்டார்கள். சொந்த விஷயம் என்றேன். எழுதிக்கொண்டார்கள். இனி எந்தக் கல்லூரி வேலைக்கும் என்னை அனுப்பக் கூடாது என்று கம்பெனிக்குக் கடிதம் போகும் என்றார்கள். கோதண்டபாணிக்கு வேறு வேலையே கிடையாது, எல்லாம் கல்லூரி வேலைதான். ஞானசிகாமணியின் சர்டிபிகேட்டுகளை மூன்று நாளைக்குள் கொடுக்கச் சொல்லி ஆபீஸுக்கு உத்தரவு போட்டார்கள்.

பைக்கை மாமா இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்ததால் மெயின் ரோட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார். காலேஜ் பஸ் இனி அவருக்கு இல்லை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் இளநீர் வண்டி. வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் ஒருதரம் ஏதோ சொல்ல வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

திண்டுக்கல் பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் வைத்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்டக்டரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

நான் ஏறவில்லை. அடுத்த பஸ் நாற்பது நிமிடம் கழித்து வந்தது. உட்கார இடம் இல்லை.